போராட்டத்தால் நோட்டீஸ் வாங்கிய மாணவருக்கு வக்கீல்: நாங்கள் பணம் கட்டிப் பார்த்த சேவை

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். நோட்டீஸை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்த வேலைக்கு முழு மதிப்பெண். விசா விஷயத்தில் ஒன்றுகூடத் தர மனமில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டியதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்தலாம். பிள்ளைக்கு டீன் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்து, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் மாணவர்களுக்காகவே நடக்கிற வக்கீல் அலுவலகங்கள் இப்போது நிறைய. பரீட்சையில் காப்பி, டார்மில் (மாணவர் விடுதியில்) தகராறு, டைட்டில் நைன் (பாலினப் பாகுபாடு, பாலியல் தொல்லை) புகார் என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் அது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் நாடெங்கும் கல்லூரி வளாகங்களில் மூவாயிரம் பேருக்கு மேல் கைதான பிறகு, போராட்ட நோட்டீஸும் அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது. கைதாகாமல் கடிதம் மட்டும் வாங்கியவர்கள் கணக்கு தனி. எங்கள் குடும்பத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று என் மகளுக்கு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, இங்கேயே பிறந்தவள். இன்னொன்று அக்கா மகனுக்கு. வேறு மாநிலத்தில் தனியார் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 மாணவர் விசாவில் எம்எஸ் படிக்கிறான். இருவரும் ஒரே அலுவலகத்தில்தான் போய் நின்றோம். வளாக விசாரணை கோர்ட் இல்லை என்பதால், இந்த அலுவலகங்கள் எந்த மாநிலத்து மாணவருக்கும் ஆலோசகராகப் போய் உட்காருகின்றன. கோர்ட் என்று வந்தால் அந்த மாநிலத்தில் உரிமம் உள்ளவர் வேண்டும். அதை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அலுவலகத்தின் பெயரோ பல்கலைக்கழகங்களின் பெயரோ போடவில்லை. பிள்ளைகள் சரி என்று சொன்ன அளவுக்குத்தான் எழுதுகிறேன். எதற்கான போராட்டம் என்பதும் இங்கே வேண்டாம். அதில் எனக்கும் என் மகளுக்கும் ஒத்துப்போகாது, சட்டத்துக்கும் அது பெரும்பாலும் பொருட்டில்லை.

முதலில் நானே டீன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஃபீஸ் கட்டுகிறவள் நான்தானே என்ற தைரியம். "மாணவர் கையெழுத்து இல்லாமல் உங்களோடு பேச முடியாது" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். மாணவர் கோப்புகளின் ரகசியத்தைக் காக்க 1974-ல் வந்த ஃபெர்பா சட்டம் அப்படி. பிள்ளை கல்லூரியில் காலை வைத்ததுமே கோப்பின் மேல் உள்ள உரிமை பெற்றோர் கையைவிட்டு அவர்களுக்குப் போய்விடுகிறது. பொதுவாக மாணவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நாமோ வக்கீலோ உள்ளே நுழைய முடியும். வக்கீல் முதலில் செய்த வேலையும் அந்தப் படிவத்தை அனுப்பியதுதான். ஃபெர்பாவால் ஒரு பலனும் உண்டு: மாணவர் தன் கோப்பைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். ஆனால் விசாரணை அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் வக்கீல் ஃபெர்பாவை ஓரமாக வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் நடத்தை விதியிலேயே "விசாரணைக்கு முன் சான்றுகளைத் தர வேண்டும்" என்று இருந்த வரியை மேற்கோள் காட்டிக் கேட்டார். உடனே வந்தது.

முதல் அரை மணி நேரப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை. என்ன நடந்தது என்று சொல்ல மகள் வாயைத் திறந்தாள், வக்கீல் நிறுத்திவிட்டார். "அது பிறகு. மாநிலப் பல்கலைக்கழகமா, தனியாரா?"

இந்த ஒரு கேள்வியில்தான் பாதி வழக்கு இருக்கிறது. அரசியலமைப்பில் பேச்சுரிமை தரும் முதல் திருத்தமும் உரிய விசாரணை கேட்கும் பதினான்காம் திருத்தமும் கட்டிப்போடுவது அரசாங்கத்தை. மாநிலப் பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் ஓர் அங்கம், ஆகவே பேச்சுரிமை, உரிய விசாரணை இரண்டுக்கும் அது கட்டுப்பட்டது. உரிய விசாரணை என்பதன் வேர் 1960-ல் இருக்கிறது. அந்தப் பிப்ரவரியில் அலபாமா ஸ்டேட் காலேஜின் கறுப்பின மாணவர்கள் மான்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கடை. கல்லூரி எந்த விசாரணையும் இல்லாமல் அவர்களில் சிலரை நீக்கியது. டிக்சன் வழக்கில் 1961-ல் ஐந்தாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், என்ன குற்றச்சாட்டு என்று தெரிவிக்காமலும் பேச வாய்ப்புக் கொடுக்காமலும் அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்க முடியாது என்றது. 1975-ல் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளைப் பத்து நாள் வெளியே நிறுத்துவதற்கே குறைந்தபட்சம் காரணம் சொல்லி அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றது. இன்று டீன் அலுவலகத்திலிருந்து "இன்ன நாள், இன்ன நேரம் வரவும்" என்று ஒரு கடிதமாவது வருகிறதென்றால், அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்த பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது அது.

தனியார் பல்கலைக்கழகத்தில் இந்தக் கதை செல்லாது. அங்கே நம் பிடி ஸ்டூடன்ட் ஹேண்ட்புக்தான். இப்படி விசாரிப்போம், இத்தனை நாள் அவகாசம் தருவோம் என்று அவர்களே எழுதி வைத்ததை அவர்களே மீறினால், ஒப்பந்த மீறல் என்று கேட்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் வேறு ஆயுதங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1992-ல் வந்த லெனார்ட் சட்டம், மதச் சார்பு இல்லாத தனியார் கல்லூரிகளையும் பேச்சுரிமை விஷயத்தில் கட்டுப்படுத்துகிறது: வளாகத்துக்கு வெளியே பேசினால் அரசியலமைப்பு காக்கும் பேச்சுக்காக, உள்ளே தண்டிக்கக் கூடாது. நியூயார்க்கில் ஆர்ட்டிக்கிள் 78 என்று ஒரு மனு இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் தன் விதியையே பின்பற்றவில்லை, தன்னிச்சையாக முடிவெடுத்தது என்று அதில் போகலாம். முடிவு இறுதியானதிலிருந்து நான்கே மாதம்தான் கெடு. அது தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும்.

பேச்சுரிமை என்றதும் என் மகள் உற்சாகமாகிவிட்டாள். வக்கீல் தண்ணீர் தெளித்தார். டிங்கர் வழக்கு, 1969, கறுப்புக் கைப்பட்டை கட்டி வந்த பள்ளி மாணவர்கள். ஹீலி, 1972, மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுத்த கல்லூரி. பாப்பிஷ், 1973, ஆபாசம் என்று சொல்லிப் பத்திரிகை விற்றவரை நீக்கிய மிசௌரி பல்கலைக்கழகம். மூன்றிலும் மாணவர்கள்தான் ஜெயித்தார்கள். எல்லாம் சரி. ஆனால் எங்கே, எப்போது, எப்படி என்பதற்கு நடுநிலையான விதி வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. வெள்ளை மாளிகை எதிரே பூங்காவில் கூடாரத்தில் படுத்துறங்கும் போராட்டத்தைத் தடுத்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. "நீ என்ன முழங்கினாய் என்பதற்காக உன்னைத் தண்டிக்க முடியாது. எங்கே நின்று, எத்தனை டெசிபலில் என்பதற்குத் தண்டிக்கலாம். கடிதத்தில் எதற்காக என்று போட்டிருக்கிறார்கள்?" என்றார். அப்போதுதான் கடிதத்தைத் திறந்தோம்.

பணம் கொடுத்ததற்குப் பலன் கண்டது இங்கேதான். நான் பத்து முறை படித்து அழுத கடிதம் அது. அவர் திரையில் மூன்று பத்தி போட்டார்: கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியம், அது சுட்டும் விதி எண், அதற்கு அவர்கள் காட்டும் சான்று. மூன்றாவது பத்தியில் பாதிக் கட்டங்கள் காலியாகவே நின்றன.

மகள் மேல் மூன்று குற்றச்சாட்டு. நூலகப் படிப்பறையில் ஒலிபெருக்கி வைத்து இடையூறு செய்தது, அனுமதியில்லாமல் கூடியது, கலைந்து போகச் சொன்ன அதிகாரியின் உத்தரவை மீறியது. மூன்றாவதுதான் கனமானது, சஸ்பென்ஷன் அதில்தான் வரும். அவள் நூலகத்தில் இருந்தாள் என்பதற்குப் பல்கலைக்கழகம் காட்டிய சான்று, அவள் போன் நூலக வைஃபையில் மாலை 6:10-க்கு இணைந்த பதிவு. ஒரே ஒரு வரி. "முழுப் பதிவு எங்கே?" என்று வக்கீல் எழுதிக் கேட்டார். வந்தது. இரவு 8:58-க்கு அதே போன் டார்ம் வைஃபையில் இருக்கிறது. கலைந்து போகும் உத்தரவு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது 9:05-க்கு. அது காவல் பிரிவின் சொந்த அறிக்கையிலேயே இருந்தது. உத்தரவு பிறந்தபோது என் பெண் அறையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பிடிக்க வைத்த சான்றே அவளை விடுவித்தது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். இரண்டாவது குற்றச்சாட்டில் மேற்கோள் காட்டிய விதியின் வாசகம், சம்பவத்துக்குப் பிறகு திருத்தி இணையத்தில் ஏற்றியது. சம்பவ நாளில் அமலில் இருந்த பழைய வாசகத்தில் நூலகத்துக்கு முன்அனுமதி என்ற பேச்சே இல்லை. இது எங்கள் ஊர் விசித்திரம் என்று நினைத்தேன். 2024 ஏப்ரலில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1969-லிருந்து இருந்த கொள்கையைக் கூடாரம் போடுவதற்கு முந்தின நாள் மாற்றினார்கள் என்பதை அவர்தான் சொன்னார். ஆகவே கடிதம் வந்ததும் முதல் வேலை, நடத்தை விதிப் பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.

அடுத்தது ஒத்திகை. வளாக விசாரணையில் வக்கீல் பேசக் கூடாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி. ஆலோசகர் என்ற பெயரில் பக்கத்தில் உட்காரலாம், காதில் சொல்லலாம், துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். சாட்சியைக் கேள்வி கேட்பதெல்லாம் சினிமாவில்தான். வட கரோலினா 2013-லும் வட டகோட்டா 2015-லும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு, சொந்தச் செலவில் வக்கீல் வைத்து அவரே பேசவும் உரிமை கொடுத்திருக்கின்றன. எங்களுக்கு அந்த யோகம் இல்லை. பேச வேண்டியவள் மகள்தான். அவளுக்கோ "எத்தனை மணிக்கு வந்தாய்?" என்று கேட்டால் உலக நியாயம் முழுதும் பேசித்தான் பழக்கம். ஒத்திகையில் வக்கீல் ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஆறு பத்துக்கு. அவ்வளவுதான் பதில். அடுத்த கேள்வி வரும்வரை மௌனம்." கடைசியில் மகள் அலுத்துப்போய், "அம்மா, இதைக் கற்றுக்கொடுக்க மணிக்கு 350 டாலரா? நீங்கள் சின்ன வயதிலிருந்து இலவசமாகச் சொன்னதுதானே" என்றாள். சொன்னேன்தான், கேட்டாளா?

விசாரணைக் குழுவில் ஆசிரியர், அலுவலர், மாணவர் எனக் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நிரூபிக்க வேண்டிய அளவு, நடந்திருக்க வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது மட்டுமே. சந்தேகத்துக்கு இடமின்றி என்பது குற்றவியல் கோர்ட்டில்தான். உத்தரவை மீறிய குற்றச்சாட்டு விழுந்தது. முன்அனுமதிக் குற்றச்சாட்டும் விழுந்தது. ஒலிபெருக்கி நின்றது, ஏனென்றால் வீடியோவில் அதைக் கையில் பிடித்திருப்பவள் அவள்தான். ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன் என்று தீர்ப்பு வந்தது, ஒலிபெருக்கிக்கு!

மேல்முறையீட்டுக்கு மூன்றே காரணங்கள்தான் ஏற்பார்கள்: நடைமுறைப் பிழை, புதிய சான்று, குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை. பல இடங்களிலும் இந்த மூன்றுதான். கெடு ஒரு வாரம்கூட இல்லை. வக்கீல் எழுதிய மேல்முறையீடு இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க, விழுந்துபோன இரண்டு குற்றச்சாட்டுக்கும் சேர்த்து முதலில் பரிந்துரைத்த அதே தண்டனையை ஒன்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னது. இரண்டாவது பக்கம், அதே விதிக்கு முந்தைய ஆண்டு வெளியான ஒழுங்கு நடவடிக்கைச் சுருக்கத்தில் எழுத்துப்பூர்வ எச்சரிக்கைதான் வழக்கம் என்பது. முதல் திருத்தம் பற்றி ஒரே ஒரு வாக்கியம், கடைசியில். மகளுக்கு அதில் வருத்தம். எனக்கு அந்த அடக்கம்தான் பிடித்தது. சஸ்பென்ஷன் ப்ரொபேஷனாக (படிப்பைத் தொடர விட்டுக் கண்காணிப்பில் வைப்பது) குறைந்தது. கோப்பில் அது இருக்கும். மேல்படிப்பு விண்ணப்பத்திலோ வக்கீல் தொழிலுக்கான பார் விண்ணப்பத்திலோ கேட்டால் சொல்லியாக வேண்டும். முழு வெற்றி இல்லை.

இனி அக்கா மகன். இவன் தனியார் பல்கலைக்கழகம் என்பதோடு, அத்துமீறி நுழைந்ததாகப் போலீஸ் சீட்டும் வாங்கியிருந்தான். தனியாரில் தண்டனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கொலம்பியாவைப் பாருங்கள்: போராட்டக்காரர்கள் ஹாமில்டன் ஹால் என்ற வளாகக் கட்டடத்தைப் பிடித்த சம்பவத்துக்கு 2025 மார்ச்சில் நீக்கம், பல வருட சஸ்பென்ஷன், வாங்கிய பட்டத்தைத் தற்காலிகமாக ரத்து செய்வது வரை அறிவித்தார்கள். பட்லர் நூலகச் சம்பவத்துக்கு அந்த ஜூலையில் எழுபது பேருக்கு மேல் நடவடிக்கை. ஆகவே இவனுக்குப் பல்கலைக்கழகம் நீட்டிய சமரசம் முதலில் கருணையாகத்தான் தெரிந்தது.

"சித்தி, ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷனுக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் விசாரணையே இல்லாமல் முடித்துவிடுவார்களாம். வக்கீலும் நல்ல டீல்தான், போடு என்கிறார்" என்று ராத்திரி போன் செய்தான்.

"விசாவுக்கு ஒன்றும் ஆகாதா? கேட்டாயா?"

"கேட்டேன் சித்தி. அது தனிப் பிரச்சினை, இதனால் பாதிப்பு வராது என்றார்."

வராதாம்! எஃப்-1 மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரம் படித்தாக வேண்டும். சஸ்பெண்ட் ஆனால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் கணினிப் பதிவேடு) அவர் பதிவை முடித்தாக வேண்டும். அதற்கென்றே அந்த மென்பொருளில் ஒரு காரணக் குறி இருக்கிறது. படிப்பை ஒழுங்காக முடித்தவருக்கு ஊருக்குக் கிளம்ப 60 நாள். அனுமதி வாங்கி இடையில் விலகுகிறவருக்கு 15 நாள். சஸ்பெண்ட் ஆனவருக்கு ஒரு நாள்கூட இல்லை. குடியுரிமை உள்ள மாணவருக்கு அரை வருடம் வீணாகும் ஒரு கையெழுத்து, இவனுக்கு மூட்டை முடிச்சைக் கட்டச் சொல்லும் கையெழுத்து. போதாததற்கு, சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. 2025 மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை அரசே முடித்துவிட்டு, நாடெங்கும் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் திரும்பக் கொடுத்ததை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகும் மாணவர் வக்கீல் என்று போர்டு போட்டுக்கொண்டிருக்கும் அலுவலகம், "நீ எந்த விசாவில் இருக்கிறாய்?" என்று முதல் படிவத்திலேயே கேட்காமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தனியாக ஒரு குடியேற்ற வக்கீலைப் பிடித்தோம். அவர் சொன்னதை வைத்துப் பல்கலைக்கழகத்தோடு திரும்பப் பேசி, சஸ்பென்ஷன் இல்லாமல் ப்ரொபேஷன், ஒரு கட்டுரை, சமூக சேவை மணிகள் என்று முடிந்தது. பேசியது என்னவோ பழைய வக்கீல்தான். நன்றாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

போலீஸ் சீட்டு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரியாக இருந்தது. வளாக விசாரணையில் சொல்வது எதுவும் குற்றவியல் வழக்கில் எதிராக வரலாம். இரண்டும் ஒரே சம்பவத்துக்காக நடப்பதால் இரட்டைத் தண்டனை என்று வாதிட முடியாது. வளாகத் தண்டனை குற்றவியல் தண்டனை ஆகாது. அதனால் வழக்கு முடியும்வரை வளாக விசாரணையைத் தள்ளிப்போடக் கேட்டு எழுதினார்கள், கிடைத்தது. கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்வதா, பேசுவதா என்பது கஷ்டமான முடிவு, ஏனென்றால் வளாகத்தில் மௌனத்தைப் பாதகமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2024 ஏப்ரல் 24 அன்று கைதான 57 பேர் மீதான வழக்கையும் போதிய முகாந்திரம் இல்லையென்று இரண்டு நாளில் கைவிட்டார்கள். ஆனால் வழக்கு போய்விட்டால் வளாக விசாரணையும் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். போகாது.

மகள் விஷயத்தில் மேல்முறையீடு முடிவதற்குள்ளேயே ஃபெடரல் கோர்ட் பேச்சை எடுத்தார்கள். செக்‌ஷன் 1983 என்று 1871-ம் வருடத்துச் சட்டம். அரசு அதிகாரி அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால் அவர்மேல் வழக்குப் போடலாம். கேட்க நன்றாக இருந்தது. கூடுதல் முன்பணத் தொகையைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவமனை பில்லிங்கில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். "பிறகு திரும்பக் கிடைத்துவிடும்" என்று யாராவது சொன்னால் எங்கிருந்து, யார் கையிலிருந்து என்று கேட்காமல் விடமாட்டேன். கேட்டதில் வந்த பதில் இவ்வளவு: மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேலேயே நஷ்டஈடு கேட்க முடியாது, பதினோராம் திருத்தம் தடுக்கிறது. அதிகாரிகளின் மேல்தான் போடலாம், அவர்களுக்கும் ஒரு பாதுகாப்புக் கவசம் உண்டு. சஸ்பென்ஷனை நிறுத்தி வைக்கும் இடைக்கால உத்தரவுதான் நிஜமாக உதவும். ஜெயித்தால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பு கொடுக்க 1976-லிருந்து சட்டம் உண்டு. ஆனால் 2025 பிப்ரவரியில் லாக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைக்கால உத்தரவு மட்டும் வாங்கியவர் ஜெயித்தவர் ஆகமாட்டார், செலவு கிடையாது என்று சொல்லிவிட்டது. அதாவது, நாம் இடைக்கால உத்தரவு வாங்கியதும் பல்கலைக்கழகம் விதியை மாற்றிவிட்டு வழக்கை முடித்துக்கொண்டால், செலவு முழுக்க நம் தலையில். இதை முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தால் இன்னும் அரை மதிப்பெண் சேர்த்திருப்பேன். நீக்கம், பட்டம் பறிப்பு என்று பெரிதாகப் போனவர்களுக்கு ஃபெடரல் கோர்ட் அவசியமாக இருக்கலாம். ஒலிபெருக்கிக்கு இல்லை.

காசில்லாமல் கிடைக்கிறவை பற்றியும் சொல்லியாக வேண்டும், இதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள். ஃபயர் என்ற அமைப்பு 1999-லிருந்து மாணவர், ஆசிரியர் பேச்சுரிமைக்காக இருக்கிறது. வலது, இடது பார்ப்பதில்லை; இணையத்தில் விவரம் அனுப்பினால், எடுத்துக்கொண்ட விஷயத்துக்குப் பல்கலைக்கழகத் தலைவருக்கே கடிதம் எழுதுவார்கள், பகிரங்கமாக. ஏசிஎல்யு என்ற சிவில் உரிமை அமைப்பின் மாநிலக் கிளைகள் கொள்கை அளவில் பெரிதான வழக்குகளை எடுக்கின்றன. இந்தியானாவில் வளாகத்துக்குள் ஒரு வருடம் நுழையத் தடை வாங்கியவர்களுக்காக வழக்குப் போட்டது அவர்கள்தான். கைது, போலீஸ் சீட்டு என்றால் நேஷனல் லாயர்ஸ் கில்ட் என்ற வக்கீல் சங்கம். போராட்டங்களில் பச்சைத் தொப்பி போட்டுக் குறிப்பெடுத்து நிற்பவர்கள். அக்கா மகனுக்குக் குற்றவியல் பக்கம் அப்படி ஒரு தன்னார்வ வக்கீல்தான் வந்தார், ஒரு காசு வாங்கவில்லை. வளாகத்திலேயே மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கும். வாடகைத் தகராறுக்குப் பிரமாதம். பல்கலைக்கழகத்துக்கு எதிராக என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள், சம்பளம் எங்கிருந்து வருகிறது பாருங்கள். ஒரே செயலுக்கு ஒரு இனத்தாருக்கு ஒரு தண்டனை, இன்னொருவருக்கு வேறு என்று காட்ட முடிந்தால், 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பின் கீழ் கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாளுக்குள் புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் அதன் வட்டார அலுவலகங்களில் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள், சீக்கிரம் பதில் வரும் என்று இருக்காதீர்கள்.

பில் விஷயம். முன்பணம் 5,000 டாலர். வக்கீல் மணிக்கு 350, உதவியாளர் 140. ஆறு நிமிடத்துக்கு ஒரு துண்டாகக் கணக்கு. மகள் "நன்றி" என்று அனுப்பிய ஒற்றைச் சொல் மின்னஞ்சலைப் படித்ததற்கு 35 டாலர் ஏறியிருந்தது. போன் செய்து கேட்டேன், எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மின்னஞ்சலாக அனுப்பினோம். மொத்தமாக ஒரு தொகை என்று அவர்களிடம் இன்னொரு திட்டமும் இருந்தது, 9,000. விசாரணை, மேல்முறையீடு எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் மணிக்கணக்கில் போனதால் அதைவிடக் குறைவாகவே முடிந்தது. பிள்ளை தானே டைம்லைன் எழுதி, வீடியோ தேடி, விதிகளை இறக்கி வைத்துக் கொடுத்தால் மணி குறையும். கடிதம் படிக்கவும் மேல்முறையீடு எழுதவும் மட்டும் சில மணி நேரம் வாங்க முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்குச் சரி என்றார்கள், விளம்பரத்தில் அது இருக்காது.

முன்பணத்தில் மிச்சம் நின்றது. உழைக்காத பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது வக்கீல்களின் தொழில் விதி. அவர்களாக அனுப்பவில்லை. கடைசி பில்லின் அடியில் இருந்த இருப்புத் தொகையை வட்டம் போட்டு, ஒப்பந்தக் கடிதத்தில் அதுபற்றி இருந்த பத்தியோடு சேர்த்து அனுப்பினேன். அடுத்த வாரம் செக் வந்தது.